இரண்டரைப் பவுண்டு அழுத்தம்

டாக்டர் நீரஜாவின் சாம்பல் நிறக் கார் கச்சேரி ரோட்டில் திரும்பினால், நூறடி விட்டு ஒரு சைக்கிள் அதன் பின்னால் திரும்பும். ஓட்டுகிறவன் மெக்கானிக் வைரவன். கேரியரில் ஒரு கோணிச்சாக்கு கட்டியிருக்கும். சாக்கில் கால் மூட்டை மணல்.

1974 மே மாதம், கத்திரி வெயில். ஒன்பது நாளாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் மெதுவாகத்தான் ஓட்டுவார். லஸ் முனையில் பஸ்ஸுக்கு வழிவிடுவார், மாட்டுக்கும் வழிவிடுவார். ஆனால் மந்தைவெளி தாண்டி அடையாறு பாலம் வந்துவிட்டால் கார் பறந்துவிடும். வைரவன் எழுந்து நின்று மிதிப்பான். கார் எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சீட்டில் உட்காருவான்.

டீக்கடைக்காரர் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டார்.

"இன்னா மெக்கானிக்கு, டாக்டரம்மா வண்டிக்கு எஸ்கார்ட்டா போய்க்கினு கீறே? சாக்குல இன்னா, ரேஷன் அரிசியா?"

"மணல்."

"வூடு கட்றியா?"

"ஆமா" என்றுவிட்டு மிதித்தான். நின்று பேச முடியாது. கார் சாந்தோம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் கார் இங்கிலாந்தில் செய்த பழைய சின்ன வண்டி. ஏப்ரல் மாதத்து வெயிலில் மூன்று தடவை நடு ரோட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் பக்கத்திலேயே பெட்ரோல் பம்பு இருந்ததால், சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுத்துக்கொண்டு பம்பு சும்மா ஆடும். அதில் ஒரு தடவை பாலத்தின் நடுவில் நின்றது. அன்றைக்கு டாக்டர் போய்ச் சேர்வதற்குள் பிரசவம் ஆகிவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டர் ஷெட்டுக்கு வந்து, "வைரவா, இந்த வண்டி இனி ஒரு தரம் நிக்கப்படாது" என்றார்.

நிற்காமல் செய்வதற்கு வைரவன் ஒரு மின்சாரப் பம்பு வாங்கிப் பின்னால், டாங்குக்குப் பக்கத்தில், சூடு படாத இடத்தில் மாட்டினான். பெரிய வண்டியில் இருந்து கழற்றிய பம்பு. பலமாகத் தள்ளினால் நல்லதுதானே என்று நினைத்தான். கார் அதற்கப்புறம் நிற்கவே இல்லை. மூன்றாம் நாள், மே எட்டாம் தேதி புதன்கிழமை, ஷெட் வாசலில் கார் நின்றபோது அவன் மூக்கில் பெட்ரோல் வாடை ஏறியது. குனிந்து பார்த்தான். எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்ப்பரேட்டர் கொள்ளாமல் பெட்ரோல் வழிந்து, நெருப்பாய்ச் சுடும் சைலன்சர் குழாய்க்கு நாலு விரற்கடை மேலே துளித்துளியாக நின்றது. அந்தக் கார்ப்பரேட்டருக்கு வேண்டியது இரண்டரைப் பவுண்டு அழுத்தம். புதுப் பம்பு தள்ளியது ஏழு பவுண்டு.

"ஏதோ வாசனை வரதே?" என்று டாக்டர் கேட்டார்.

"புது ஹோஸ் போட்டிருக்கேன் டாக்டரம்மா. ரப்பர் வாசனை. போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே சாந்தோம் கடற்கரைக்குப் போய் மணல் அள்ளி வந்தான். பெட்ரோல் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். ஈக்காட்டுத்தாங்கல் கேரேஜில் ஏழு வருஷம் கார்ப்பரேட்டர் வேலை பழகிய காலத்தில், ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரத்தில் ஒரு வேன் எலும்புக்கூடானதைப் பார்த்தவன்.

அவன் எப்போதும் சொன்ன இடத்தில் இருந்தவன் அல்ல. பன்னிரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தியாகராய நகருக்கு வந்து, தாய்மாமன் பாத்திரக் கடையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று சொல்வது தப்பு. அங்கே இருந்த எட்டு மாதமும் நின்றான். எவர்சில்வர் அடுக்கைத் துடைக்கச் சொன்னால், கடை வாசலில் பழுதாகி நிற்கும் வண்டியின் அடியில் கிடப்பான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எந்த மரையையும் இறுக்கிவிட்டு, கண்ணால் ஒரு தடவை, விரலால் ஒரு தடவை, ஸ்பானரால் ஒரு தடவை என்று மூன்று முறை பார்க்காமல் அவன் கையைத் துடைத்ததில்லை. அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்தக் கை வாய்க்கவில்லை. 1969-இல் மயிலாப்பூர் சந்தில் தகரக் கூரை போட்டுத் தனியாக ஷெட் வைத்தபோது, இரண்டு மாதம் ஈ கூட வரவில்லை. முதலில் வந்த கார் டாக்டர் நீரஜாவுடையது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அக்கா புஷ்பத்தோடு குடியிருந்தான். ஒன்பது நாளாக அவன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து ஓடுவதைப் புஷ்பம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏலே, ஒரு வார்த்த சொல்லிட்டாத்தான் என்ன? படிச்சவுக. அடிக்கவா போறாக?"

"அடிச்சாப் பரவாயில்லக்கா. வேற ஷெட்டுக்குப் போயிருவாக."

"வண்டி தீப்பிடிச்சா மட்டும் ஒன்கிட்டயே வருவாகளாக்கும்."

வைரவன் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான். பழைய பம்பைத் திரும்ப மாட்டலாம். வண்டி பாலத்தில் நிற்கும். புதுப் பம்பை விட்டுவைத்தால் வழியும். இரண்டுக்கும் நடுவே பம்பின் அழுத்தத்தைக் குறைத்து, கார்ப்பரேட்டருக்கு வேண்டியதை மட்டும் விடுகிற ரெகுலேட்டர் ஒன்று வேண்டும். அந்த வண்டியோடு அப்படி ஒரு சாமான் வருவதே இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டான். மூன்று கடையில் வோல்டேஜ் ரெகுலேட்டரை எடுத்து நீட்டினார்கள். நாலாவது கடையில் கேஸ் அடுப்பா என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை புதுப்பேட்டையில் மெஹபூப் அலியின் பழைய சாமான் கடைக்குப் போனான். குவியலுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவர், இவனைக் கண்டதும் இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"வா நைனா. நீ கேட்டுக்கினு இருந்தியே, ரெண்டு மால் வந்து கீது. இது ராஜா. இது சிப்பாய். ராஜாவைத் தூக்கிக்கினு போ."

ராஜா பளபளவென்று நிக்கல் பூச்சோடு இருந்தது. தலையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதைச் சுற்றி எண்கள், திருப்ப ஒரு முள். சிப்பாய் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரியது. மங்கிப்போன அலுமினியம், தலையில் ஒரே ஒரு திருகு, அதைப் பூட்ட ஒரு நட்டு.

வைரவன் ராஜாவின் எண்களைப் படித்தான். நாலில் தொடங்கி ஒன்பதில் முடிந்தது.

"பாய், இது நாலுக்குக் கீழ எறங்காதே."

"நாலு போதாதா? ரேஸ் வண்டியில இருந்த மால் நைனா. சோழவரத்துல ஓடினது."

"எனக்கு ரேஸ் இல்ல பாய். பிரசவம்."

மெஹபூப் அலி தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அவசரம் இன்னவோ ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றார்.

வைரவன் சிப்பாயைக் கையில் எடுத்தான். அடிப்பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை என்று செதுக்கியிருந்தது. பெட்ரோல் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பதற்கு ஒரு அம்புக்குறியும் இருந்தது. அங்கேயே நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே ஜவ்வு மாதிரி ஒரு ரப்பர் டயஃப்ரம், அதன்மேல் ஒரு ஸ்பிரிங். பெட்ரோல் கீழேயிருந்து டயஃப்ரத்தை மேலே தள்ளும். ஸ்பிரிங் மேலேயிருந்து கீழே அமுக்கும். இந்தத் தள்ளுமுள்ளில்தான் அழுத்தம் நிலைக்கும். ரப்பரைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான். வெடிப்பு இருக்கிறதா என்று மடக்கிப் பார்த்தான். மூடியின் மேல், திருகுக்குப் பக்கத்தில், ஊசி முனை அளவில் ஒரு துளை இருந்தது. அது ஸ்பிரிங் பக்கம். பெட்ரோல் வராத பக்கம். ஒழுகாது என்று விட்டுவிட்டான்.

மூடியைப் பூட்டி, வாய் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொண்டு முப்பது வரை எண்ணினான். பிடி தளரவில்லை.

"சிப்பாயே போதும் பாய்."

"பாக்க நல்லா இருக்காதே."

"பானெட்டுக்குள்ளதான இருக்கப்போவுது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டர் இரண்டு மணி நேரம் வண்டியை விட்டுவிட்டு, சித்திரக்குளத்துப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு நடந்து போனார். வைரவன் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினான். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, எஞ்சின் அறையின் பக்கத் தகட்டில் இரண்டு துளை போட்டு, ஒரு தாங்கி வைத்து, ரெகுலேட்டரை நிமிர்ந்த வாக்கில் பூட்டினான். அம்புக்குறி கார்ப்பரேட்டரைப் பார்த்தது. ஹோஸைச் சாய்வாக இல்லாமல் நேராக நறுக்கி, கிளிப் போட்டு இறுக்கி, மூன்று முறை பார்த்தான். நடுவில் அழுத்தம் காட்டும் தன் கேஜை இணைத்தான்.

அதன் பிறகு உள்ளே போய், புஷ்பம் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு அரைத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தான். புதுச் சாமான் எதைப் பூட்டினாலும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்த பிறகுதான் சாவியைத் திருப்புவான். இந்தச் சாமான் பத்து நாள் உறக்கத்தைத் தின்றது. அதனால் வழக்கத்தைவிடத் தாராளமாகவே, கட்டை விரல் அகலத்துக்கு, திருகுக்குப் பக்கத்தில் அப்பினான்.

சாவியைத் திருப்பினான். திருகைச் சிறிது சிறிதாக விட்டு, முள் இரண்டரையில் நின்றதும் நட்டைப் பூட்டினான். கால் மணி நேரம் எஞ்சின் ஓடியது. ஒரு துளி வழியவில்லை. கேஜைக் கழற்றினான்.

டாக்டர் வந்தார். "ஆச்சா?"

"ஆச்சு டாக்டரம்மா."

"அந்த ரப்பர் வாசனை?"

"இனி வராது."

டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு மோந்து பார்த்தார். "வரலை. நன்னா இருக்கு" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு ஸ்கூட்டர் பிளக்கைக் கழற்றினான், திரும்ப மாட்டினான், மாட்டியதை மறந்து மறுபடி கழற்றினான். வெயில் ஏற ஏறக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சைக்கிளை எடுத்தான்.

"சரியாயிட்டுன்னு சொன்னியே, பொறவு எங்கல கிளம்புத?" என்றாள் புஷ்பம்.

"சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

"சும்மா பாக்கதுக்கு மணல் எதுக்கு?"

அடையாறு காந்தி நகரில், ஆஸ்பத்திரி வாசலில், தூங்குமூஞ்சி மர நிழலில் பாதியும் வெயிலில் பாதியுமாகக் கார் நின்றிருந்தது. அப்போதுதான் வந்து நின்றிருக்க வேண்டும். எஞ்சின் சூட்டில் தகடு டிக் டிக்கென்றது. சைக்கிளைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. பானெட்டைத் தூக்கினான். கார்ப்பரேட்டரின் வயிறு நனைந்திருந்தது. சைலன்சர் குழாய்க்கு மேலே ஒரு துளி திரண்டு தொங்கியது.

அவன் அதைத் துணியால் ஒற்றிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் கையில் பெட்டியோடு வேகமாக வெளியே வந்தார்.

"நீ எங்கே இங்கே? மூடு, மூடு. சாந்தோம்ல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்து ஒரு மணி நேரமாறதாம். இப்பத்தான் போன் வந்தது."

வைரவன் பானெட்டை மூடவில்லை. "வண்டிய எடுக்காதீங்க" என்றான்.

"விளையாடறியா? நகரு."

"அந்த வாசன ரப்பர் இல்ல டாக்டரம்மா. பெட்ரோல். கார்ப்பரேட்டர்ல வழிஞ்சு சைலன்சர்ல சொட்டுது. நேத்து நிறுத்திட்டேன்னு நெனச்சேன். நிக்கல."

டாக்டர் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"பதினோரு நாளா."

"செவ்வாய்க்கிழமை பின் சீட்டுல ஒரு பொண்ணை ஏத்திண்டு வந்தேன். வழி பூரா மூக்கைப் பொத்திண்டு வந்தா. எட்டாம் மாசத்துல என்னடி மசக்கைன்னு திட்டினேன் அவளை."

அவனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை தெரியும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முகம் ஜன்னலோரம் இருந்ததை, மிதித்துக்கொண்டே பின்னாலிருந்து பார்த்திருந்தான்.

டாக்டர் கை தட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகு சாவியை நீட்டினார்.

"அஞ்சு மணிக்கு வரேன். என்னன்னு கண்டுபிடிச்சு வை. முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. இன்னொரு ரப்பர் கதை வேண்டாம்."

ஆட்டோ போய்விட்டது. வைரவன் கேஜை மறுபடி இணைத்தான். சாவியைப் பாதி திருப்பி, பம்பை மட்டும் ஓட விட்டான். நேற்று இரண்டரையில் நின்ற முள் இன்று நாலரைக்குப் போனது. திருகு நழுவியதா என்று பார்த்தான். நட்டு கல்லாக இறுகியிருந்தது. அம்புக்குறியைப் பார்த்தான். ஹோஸைத் தடவினான். மெஹபூப் அலி சொன்ன ராஜாவையே வாங்கியிருக்க வேண்டுமோ என்று ஒரு கணம் நினைத்து, நாலுக்குக் கீழே இறங்காததை வைத்து என்ன செய்வது என்று தலையை ஆட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரிச் சுவருக்கும் காருக்கும் நடுவே நடந்தான். வாட்ச்மேன் அவனையும் மணல் சாக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்டூலைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இரண்டே முக்காலுக்கு மறுபடி பம்பை ஓட விட்டான். மூன்று பவுண்டு. எதையும் தொடவில்லை, ஆனால் குறைந்திருந்தது. மாறியது ஒன்றே ஒன்றுதான்: எஞ்சின் ஆறியிருந்தது.

துணியை நனைத்து ரெகுலேட்டரின் தலையில் போட்டான். முள் இரண்டரைக்கு வந்தது. துணியை எடுத்துவிட்டு, மணல் சாக்கின் வாயைத் திறந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓட விட்டான். பத்து நிமிஷத்தில் முள் மூன்றரை. பிறகு நாலு. எஞ்சினை அணைத்தான். சூட்டில் உள்ளே ஏதோ வீங்குகிறது. ஸ்பிரிங் வீங்காது. ரப்பர் இவ்வளவு வீங்காது. மிச்சம் இருப்பது காற்று. ஆனால் ஸ்பிரிங் இருக்கும் அறையில் காற்று ஏன் அடைபட்டுக் கிடக்க வேண்டும்? அது வெளியே போக வழி உண்டே.

வழி இல்லை. புதுப்பேட்டையில் பார்த்த ஊசித் துளை இப்போது காணவில்லை. அந்த இடத்தில் சந்தனம் காய்ந்து, சுண்ணாம்பு பூசியது மாதிரி இறுகியிருந்தது.

பம்பை ஓட விட்டு, ஒயரிலிருந்து ஒரு இழையை உருவி, குங்குமத்தின் நடுவில் குத்தினான். புஸ் என்று மூச்சு விட்டது. முள் நாலிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து இரண்டரையில் நின்றது. டயஃப்ரம் ஏறி இறங்க அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன் மூக்கைத் தன் கட்டை விரலாலேயே அடைத்திருக்கிறான்.

டாக்டர் வரும்போது ஐந்தேகால். சாந்தோமில் ஆண் பிள்ளை, சுகம் என்று மட்டும் சொன்னார். வைரவன் விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் துணுக்கை நீட்டி, நடந்ததைச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை, பெரிய வண்டிப் பம்பை மாட்டியது முதல் தாராளமாகப் பொட்டு வைத்தது வரை சொன்னான்.

"சந்தனமா" என்றார் டாக்டர். சிரிக்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் ஓடியது. டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி கைக்கடிகாரத்தை ஒரு கண்ணாலும் கேஜை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம். முள் நகரவில்லை. குனிந்து கார்ப்பரேட்டரின் அடியைத் தானே விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இந்த கேஜைக் கழட்டாதே. இருக்கட்டும். தினம் காத்தால இதைப் பார்த்துட்டு எடுக்கறேன்."

"சரிங்க." அவனிடம் இருந்தது அந்த ஒரு கேஜ்தான்.

பானெட்டை மூடப் போனபோது டாக்டர் கேட்டார்: "வேற யார் வண்டியில இப்படிப் பொட்டு வச்சிருக்கே?"

இந்தச் சாமான் வேறு யார் வண்டியிலும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் பிரேக் ஆயில் மூடியிலும் அப்படி ஒரு துளை உண்டு; அது அடைபட்டால் சூட்டில் பிரேக் இறுகிப்போகும். பழைய பொட்டெல்லாம் எண்ணெய் பட்டு உதிர்ந்திருக்கும்; மார்ச்சிலிருந்து எத்தனை பிரேக் வேலை செய்தான் என்று மனத்துக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தான்.

"மூணு வண்டி இருக்கு டாக்டரம்மா."

"அப்ப இங்கே என்ன நின்னுண்டிருக்கே?"

வக்கீல் சுந்தரராமன் வீடு தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கத்துத் தெருவில் இருந்தது. வைரவன் கேட்டைத் தட்டியபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு வக்கீல் இறங்கி வந்தார்.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம? வண்டி நன்னாத்தானே ஓடிண்டிருக்கு?"

"ஓடும் சார். மார்ச் மாசம் நான் செஞ்ச பிரேக் வேலையில ஒரு தப்பு இருக்கலாம். தொறந்து பாக்கணும்."

"தப்பா? நீயா?"

"ஆமா சார், நான்தான்."

வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாவி எடுக்க உள்ளே போனார். வைரவன் அதற்குள் பானெட்டின் கொக்கியை விடுவித்திருந்தான். பிரேக் ஆயில் மூடியின் மேல், குங்குமம் கறுத்துப்போய், சந்தனம் துளியும் பிசகாமல் நடுவில் உட்கார்ந்திருந்தது. பையில் ஒயர் இழையைத் தேடினான். இன்னும் மந்தைவெளியில் ஒரு வண்டியும் ராயப்பேட்டையில் ஒரு வண்டியும் இருந்தன.